சிங்கப்பூர் – நியூயார்க்: வலைத்தளம் 17 மணி என்கிறது, டிக்கெட் 18½ என்கிறது. எது சரி?

தேக்கா_வாசி
தம்பி நியூஜெர்சியில், எடிசனில் இருக்கிறான். டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்று திட்டம். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், மற்றபடி தினமும் ஈரச்சந்தைக்கு நடந்தே போய்வருகிற ஆள். "எத்தனை மணி நேரம்டா உட்காரணும்?" என்று கேட்டார். பதில் தேடப் போய்க் குழப்பம்தான் மிச்சம்.

தூரம் சொல்லும் தளங்களில் ஒன்று 15,340 கி.மீ. என்கிறது, மற்றொன்று 15,350. அது போகட்டும். நேரத்தை ஒன்று 17 மணி என்கிறது, இன்னொன்று 19 மணி 40 நிமிடம் என்கிறது. டிக்கெட்டில் பார்த்தால் 18½ மணியை ஒட்டி வருகிறது. திரும்பி வருவதற்கு அதிலும் சற்று வித்தியாசம். ஒரே விமானம், அதே இரண்டு ஊர். ஏன் இப்படி? இன்னொன்று: நேரடியாகப் போகலாமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகலாமா?

கோணமானி
தூரத்தை முதலில் முடித்துவிடலாம். இதற்குத் தளமே வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரி. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் மேற்கு 73.8. கூட்டினால் 177.8. அதாவது பூமியின் நேர் எதிர்ப்பக்கத் தீர்க்கரேகைக்கு 2 டிகிரிதான் குறைவு. இப்படி அமைந்துவிட்டால் குறுக்குவழி ஏறக்குறைய வட துருவத்தின் வழியே போகும். சாங்கியின் அட்சரேகை 1.4, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி. துருவத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 49.4 டிகிரி. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,346.

தளங்களுக்குள் வரும் பத்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம், சிலர் பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள், சிலர் துருவத்தில் தட்டையான வடிவமாக எடுக்கிறார்கள். பக்கத்து நியூஜெர்சியில் உள்ள நெவார்க் விமான நிலையத்தை எடுத்தாலும் இதே அளவுதான் வரும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இழுத்துப் பிடியுங்கள். தாய்லாந்து, லாவோஸ் தாண்டி, சீனாவில் செங்டுவுக்குச் சற்று மேற்கே ஏறி, மங்கோலியா, சைபீரியாவில் இர்குட்ஸ்க்குக்கு மேற்கே, துருவத்துக்கு முன்னூறு கிலோமீட்டருக்குள் வந்து, கனடாவில் மாண்ட்ரியலின் தலைமேல் இறங்கி நியூயார்க் வரும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இந்தக் கோட்டை வரையவே முடியாது. மேல் விளிம்பில் காணாமல் போய் மறுபக்கம் முளைக்கும்.

கணக்குப்புலி
கோணமானி சொன்ன தூரம் சரி. நேரத்துக்கு என் விளக்கம்: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கே போனால் ஊர் நம்மைவிட்டு ஓடுகிறது, மேற்கே போனால் ஊர் நம்மிடம் வருகிறது. அதனால்தான் போக, வர நேரம் மாறுகிறது. பள்ளியில் படித்ததுதான்.

கோணமானி
> மேற்கே போனால் ஊர் நம்மிடம் வருகிறது

நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. விமானத்தின் வேகம் 900. நீங்கள் சொல்வது உண்மையானால் கிழக்கே போகிற எந்த விமானமும் ஊர் போய்ச் சேராது, ஓடுகிற ஊரைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஓடுதளத்தில் நிற்கும்போதே விமானமும் அதைச் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்து சுழல்கின்றன. கிளம்பியதும் அந்த வேகம் எங்கேயும் போய்விடாது.

இன்னொரு இடிப்பு: நடைமுறையில் உங்கள் கணக்குக்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. லண்டன்–நியூயார்க் தடத்தில் கிழக்கே வருவதுதான் சீக்கிரம், மேற்கே போவது தாமதம்.

கணக்குப்புலி
சரி, அப்படியானால் எதனால்? காற்று என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள்.

மேகக்கணக்கர்
இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தத் தடத்தை ஓட்டும் நிறுவனத்தில் இருந்தவனல்ல. வேறோரிடத்தில் விமானங்களுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் டிஸ்பேட்சர் என்பார்கள்.

அந்தத் தளங்கள் செய்வது வகுத்தல் மட்டும்தான். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி. 800-ஆல் வகுத்து ஏற இறங்க அரை மணி சேர்த்தால் 19 மணி 40 நிமிடம். இரண்டிலும் காற்று இல்லை, வழி இல்லை. 900 என்பது மட்டும் தவறல்ல: ஏர்பஸ் ஏ350 ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும், அந்த உயரத்துக் குளிரில் அது 900-ஐ ஒட்டித்தான் வரும். ஆனால் அது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்த வேகம் அல்ல.

பூமிக்கு மேலே 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுச் சூடும் துருவக் குளிரும் மோதுவதால் பிறப்பது. அதைக் கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சி. (கணக்குப்புலி ஐயா, உங்கள் சுழற்சிக்கு இங்கே வேலை இருக்கிறது.) குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் அது உலகத்திலேயே வலுவான காற்றோட்டங்களில் ஒன்று. சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேல்.

சாங்கியிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் மேலே கிழக்காகப் போவது அதனால்தான். கணக்காகவே காட்டுகிறேன். டோக்கியோ வழியாகப் போவதாக வையுங்கள்: சாங்கி–டோக்கியோ சுமார் 5,350, டோக்கியோ–நியூயார்க் சுமார் 10,850. மொத்தம் 16,200 கி.மீ. துருவ வழியைவிட 850 கி.மீ. அதிகம். காற்றே இல்லாவிட்டால் 18 மணி, துருவ வழியில் 17. ஆனால் முழு வழிக்கும் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே இரண்டும் சமம். அதற்கு மேல் கிடைக்கிற ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம். டிசம்பரில் அது தாராளமாகவே கிடைக்கும்.

எங்கள் அலுவலகத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் கேட்கமாட்டார்கள். "இன்னிக்கு எத்தனை டன்?" என்றுதான் கேட்பார்கள். எரிபொருள் குறைவாகக் கேட்கிற வழிதான் அன்றைக்குக் குறுக்குவழி.

தேக்கா_வாசி
ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பின்காற்று அப்படித் தள்ளும் என்றால் டிக்கெட்டில் ஏன் 18½? 17 என்று போடலாமே?

மேகக்கணக்கர்
டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகரும் நொடியிலிருந்து, போய்ச் சேரும் வாசலில் நிற்கும் நொடி வரை. இரண்டு பக்கமும் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. ஜேஎஃப்கேயில் அந்த வரிசை சில நாட்களில் உங்கள் பொறுமையைப் பார்க்கும். அட்டவணை போடுகிறவர்கள் ஒரு பருவம் முழுவதற்கும் ஒரே எண் கொடுக்க வேண்டும், நல்ல காற்று வீசும் நாளை நம்பிப் போடமுடியாது. அதனால் டிசம்பரில் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்குவது சாதாரணம்.

இப்போது திரும்பி வருவது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நியூயார்க்கிலிருந்து வரும்போது அதே பசிபிக் வழியில் வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். எனவே பல நாட்களில் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, ஆசியா மேலே, மறுபடியும் கிழக்காகவே வரும். லண்டன் வழியாகக் கணக்குப் போட்டால் 5,540-உம் 10,880-உம், 16,400-ஐ ஒட்டி. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. உங்கள் அம்மா உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவார்.

இரண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. சென்னை–சிங்கப்பூர் தடத்தில் இந்த வித்தை பலிக்காது.

கணக்குப்புலி
காற்று விளக்கம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி: உலகத்தைச் சுற்றி வந்தால் தேதிக்கோட்டை ஒருமுறைதானே தாண்டுகிறார்? ஒரு நாள் எங்கே போயிற்று?

கோணமானி
போகவில்லை, நடுவிலேயே வந்து சேர்ந்துவிட்டது. பசிபிக் வழியில் போனால் நடப்பதைப் பாருங்கள். திங்கள் நள்ளிரவு தாண்டி, செவ்வாய் 12:30-க்குக் கிளம்புவதாக வைப்போம். ஐந்து மணி நேரம் போல இருட்டு. ஜப்பானைத் தாண்டும் பக்கம் செவ்வாய்க்கிழமை விடியும். பிறகு தேதிக்கோடு, அங்கே கிழமை திங்கள் ஆகும். வடக்கே ஏறியிருப்பதால் டிசம்பர்ப் பகல் சில மணி நேரத்தில் முடிந்து திங்கட்கிழமைச் சூரியன் மறையும். மறுபடி ஓர் இரவு, அதற்குள் நள்ளிரவு கடந்து மீண்டும் செவ்வாய். 18 மணி 30 நிமிடம் முடியும்போது சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 7:00. குளிர்காலத்தில் 13 மணி கழிக்க, நியூயார்க்கில் செவ்வாய் காலை 6:00. இறங்கிக் குடிநுழைவு முடித்து வெளியே வரும்போது செவ்வாய் இரண்டாம் முறையாக விடியும்.

திரும்பும்போது தேதிக்கோடு வராது, ஆனால் இரவில் கிளம்பினால் புறப்பட்ட தேதிக்கு இரண்டு நாள் கழித்து இறங்குவீர்கள். அப்போது டிக்கெட்டில் "+2" என்று இருக்கும், பயப்படவேண்டாம். உள்ளூர் நேரத்துக்கு நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பது பற்றிக் கவலை இல்லை.

கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடும், அப்போது வித்தியாசம் 12 மணி. நேரே இரவு–பகல் மாறும், தம்பிக்குத் தொலைபேசி போட வசதி.

நாலு_இன்ஜின்
துருவ வழியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. அதில் போகும் நாட்களும் இருந்தன. எரிபொருள் உறையும் என்ற கவலை உண்டு: ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவில் நிரப்புவது ஜெட் ஏ, அதற்கு மைனஸ் 40. துருவத்துக் காற்று இதைவிடக் குளிராக இருக்கும் நாட்களில் உயரத்தையோ வழியையோ மாற்றவேண்டும். அதோடு, 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்ப்பதால் அந்த நேர்கோடு இப்போது பெரும்பாலும் உலக உருண்டையில் நூல் பிடிக்கத்தான் உதவும்.

இந்தத் தடத்தின் பழைய கதையும் சொல்லவேண்டும். 2004-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை நெவார்க்குக்குத் தொடங்கியபோது ஓடியது ஏ340-500, நான்கு இன்ஜின். 2008-இல் எல்லா இருக்கைகளையும் பிசினஸ் ஆக்கி நூறே இருக்கை வைத்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். காரணம் விமானம் மோசம் என்பதல்ல. இவ்வளவு தூரத்துக்கு, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் எரிகிறது. முதல் பாதி வழியில் விமானம் சுமப்பது பயணிகளை அல்ல, இரண்டாம் பாதியின் எண்ணெயை. நான்கு இன்ஜினுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை.

2018 அக்டோபரில் இரண்டு இன்ஜின் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்து மீண்டும் தொடங்கியது. எரிபொருள் கொள்ளளவு 165,000 லிட்டர். எடையில் 130 டன்னுக்கு மேல், விமானம் கிளம்பும் மொத்த எடையான 280 டன்னில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. தேக்கா_வாசி, டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மயங்கி விழாதீர்கள்.

ஸ்காபரோ_பனி
நாங்கள் டொராண்டோவில இருந்து கொழும்புக்குப் போய்வாறனாங்கள். நேரடியாப் போற விமானம் இல்லை, எப்பிடியும் 20 மணித்தியாலத்துக்கு மேலதான். வயசான ஆக்களுக்கு நேர போறதுதான் நல்லது எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அப்பிடித் தோன்றேல்லை. இடையில இறங்கி ஒரு மணித்தியாலம் நடந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சுப் போட்டு ஏறினால் காலுக்கும் முதுகுக்கும் பெரிய ஆறுதல். என்ர மாமி 18 மணித்தியாலம் ஒரே இடத்தில இருக்கச் சம்மதிக்கவே மாட்டா.

தேக்கா_வாசி
அதுதான் எனக்கும் ஓடுகிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழியில் எவ்வளவு கூடும்?

மேகக்கணக்கர்
சாங்கி–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,260 கி.மீ., அங்கிருந்து ஜேஎஃப்கே 6,200. மொத்தம் 16,460. தூரத்தில் பசிபிக் வழியைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு கட்டமும் மேற்கே, எதிர்காற்றில். நடுவில் தரையில் நிற்கும் நேரமும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு முழு நாள். நேரடிக்கு ஐந்து மணி நேரம் போலக் கூடுதல். சாதாரண எகானமி இருக்கை அதில் கிடைக்கும், காசு மிச்சமாகும்.

ஸ்காபரோ_பனி சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இடைநிறுத்தத்தில் தேத்தண்ணி மட்டும் இல்லை. கைப்பையோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனையில் மறுபடி நின்று, திரும்ப ஏற வேண்டிவரும். 

வார்டு_அக்கா
செவிலியாக இருக்கிறேன், அதனால் சில வார்த்தை.

நேரடியோ இல்லையோ, கவலை ஒன்றுதான்: காலில் இரத்தம் கட்டிக்கொள்வது. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே இருந்தாலே அந்த அபாயம் கொஞ்சம் ஏறும், 8 மணி, 18 மணி இரண்டிலும் செய்யவேண்டியது ஒன்றே. விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை எழுந்து நடக்கவேண்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும். கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டுமே என்று பெரியவர்கள் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கண் வைக்கவேண்டும். இறுக்கக் காலுறை போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சர்க்கரை மாத்திரைக்கு: விமானத்தில் கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள். அம்மா சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கட்டும். இறங்கிய பிறகு எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று போவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலில் இரண்டு முறை விடிந்தால் "காலை மாத்திரை" இரண்டு முறை உள்ளே போய்விடும், கோணமானி எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். மருந்து எல்லாம் கைப்பையில், பெட்டியில் அல்ல. சாப்பாடு தள்ளிப்போனால் சாப்பிட பிஸ்கட் ஏதாவது.

சந்தைக்கு நடக்கிற அம்மா என்றால் நான் நேரடியைத்தான் சொல்வேன். ஆனாலும் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஜேஎஃப்கே குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

எடிசன்_இட்லி
ஜேஎஃப்கே ஏன்? தம்பி எடிசன் என்கிறீர்கள்! நானும் அந்தப் பக்கம்தான். நெவார்க்கில் இறங்கினால் நியூஜெர்சி டர்ன்பைக்கில் அரை மணி, முக்கால் மணியில் வீடு. ஜேஎஃப்கேயில் இறங்கினால் பெல்ட் பார்க்வே, வெரசானோ பாலம், ஸ்டேட்டன் ஐலண்ட், மறுபடி கோத்தல்ஸ் பாலம். காலை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம், டோல் தனி. வானத்தில் இரண்டுக்கும் தூரம் ஒன்று என்று கோணமானி சொல்லிவிட்டார். தரையில் அப்படி இல்லை. நீங்கள் 18½-ஆ 17-ஆ என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு மணி நேரத்தை இங்கே காரில் தொலைப்பீர்கள்.

தேக்கா_வாசி
இது யாருமே சொல்லாத விஷயம். தம்பியே சொல்லவில்லை! நெவார்க் நேரடி விமானத்தில் இடம் பார்க்கிறேன், விலை வித்தியாசம் பெரிதாக இல்லை என்றால் அதுதான்.

கணக்குப்புலி
இதைவிட நீளமாக யாராவது பறப்பார்களா? கோணமானி, உங்கள் டிகிரிக் கணக்குப்படி உச்சவரம்பு என்ன?

கோணமானி
180 டிகிரி, 20,000 கி.மீ. அதற்கு மேல் போனால் திரும்பி வருகிறீர்கள் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னி–லண்டன் தொடங்கப்போவதாகச் சொல்லிவருகிறது, அது சுமார் 17,000. 2019-இல் போயிங் 787-இல் ஆட்களைக் குறைத்து ஏற்றி ஒத்திகை பார்த்தார்கள்: நியூயார்க்–சிட்னி 19 மணி 16 நிமிடம், லண்டன்–சிட்னி 19 மணி 19 நிமிடம்.

நாலு_இன்ஜின்
டிசம்பர், வடக்கு வழி, இருட்டு. தேக்கா_வாசி, வடதுருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கம் உட்காரப்போகிறீர்கள்?

தேக்கா_வாசி
எந்தப் பக்கம் நல்லது?

மேகக்கணக்கர்
கிழக்கே போகும்போது வடக்கு உங்கள் இடது கை. இடது பக்கம் எடுங்கள், இறக்கை மறைக்காத வரிசையாக. தெரியுமா என்பது அன்றைய சூரியனையும் அன்றைய பாதையையும் பொறுத்தது, நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன். பிரீமியம் எகானமியில் 2-4-2 அமைப்பு. ஓரத்து இரண்டு இருக்கையை எடுத்து நீங்கள் ஜன்னலில் உட்காருங்கள், அம்மா நடைபாதைப் பக்கம். மணிக்கொருமுறை எழவேண்டியவர் அவர்தான்.